புழுக்கமும் இடிமழையும் கலந்த கோடைத் தொடக்க வாரம்: வட்டார வானிலை முன்னறிவிப்பைப் படிக்கும் முறை

கோடையின் தொடக்க வாரங்களில் வட்டார வானிலை அறிக்கையைப் புதிதாகப் பின்தொடர்பவருக்கு முதலில் ஏற்படுவது சலிப்புதான். திங்கள் முதல் ஞாயிறு வரை ஏறத்தாழ ஒரே வாக்கியம் வருகிறது: வெப்பமும் புழுக்கமும் நீடிக்கும், பிற்பகலில் ஓரிரு இடங்களில் இடி மின்னலுடன் மழை பெய்யக்கூடும். இரண்டு நாள் குடையைச் சுமந்து திரிந்தும் ஒரு துளி விழாமல், மூன்றாம் நாள் குடையில்லாமல் நனைந்தவர் அறிக்கையை நம்புவதையே விட்டுவிடுகிறார்.

அந்த அவநம்பிக்கைக்கு அறிக்கை மட்டும் காரணமன்று. வட்டார முன்னறிவிப்பு பல்லாயிரம் சதுர கிலோமீட்டர் பரப்பைப் பற்றிப் பேசுகிறது. தனி இடிமேகம் ஒன்றின் அகலமோ பெரும்பாலும் சில கிலோமீட்டர்தான். 1946, 1947 ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஃப்ளோரிடாவிலும் ஒஹையோவிலும் விமானங்களை இடிமேகங்களுக்கு உள்ளேயே செலுத்தி ஒரு பெரிய ஆய்வு நடந்தது. அதன் முடிவுகளைத் தொகுத்த ஹொரேஸ் பையர்சும் ராஸ்கோ பிரஹாமும் தனி இடிமேகம் வளர்ச்சி, முதிர்ச்சி, சிதைவு என்ற மூன்று நிலைகளைக் கடந்து ஏறத்தாழ ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடுவதைக் காட்டினார்கள். அவ்வளவு சிறிய, அவ்வளவு குறுகிய ஆயுள் கொண்ட ஒன்று வியாழக்கிழமை மாலை நான்கு மணிக்கு எந்தத் தெருவில் நிற்கும் என்பதைத் திங்கட்கிழமையே யாராலும் சொல்ல முடியாது. ஆனால் வியாழக்கிழமை இடிமழைக்கு ஏற்ற நாளா என்பதைத் திங்கட்கிழமையே ஓரளவு சொல்ல முடியும். ஆகவே வாரத்தின் தொடக்கத்தில் ஒரு கேள்வி, முந்தைய நாள் மாலையில் வேறொரு கேள்வி, அன்று காலையில் இன்னொன்று, பிற்பகலில் கடைசியாக ஒன்று என, அந்தந்த நேரத்தில் விடை கிடைக்கக்கூடியதை மட்டுமே கேட்கப் பழகினால் அதே அறிக்கை பயன் தரத் தொடங்கும். கீழே உள்ள படிகள் அந்த வரிசையிலேயே அமைந்துள்ளன.

முதல் படி: வாரத் தொடக்கத்தில் ஈரத்தை மட்டும் பாருங்கள்

கோடைத் தொடக்கத்துக்கென்று ஒரு தனிக் குணம் உண்டு. சூரியன் உச்சிக்கு நெருங்கிவிடுவதால் தரை விரைவாகச் சூடேறுகிறது. ஆனால் மேலடுக்குக் காற்று, குறிப்பாக வெப்பமண்டலத்துக்கு வெளியே உள்ள பகுதிகளில், முந்தைய பருவத்தின் குளிர்ச்சியை இன்னும் முழுமையாக இழந்திருப்பதில்லை. கீழே சூடு, மேலே குளிர் என்ற இந்த நிலையில், வெப்பமான கடற்பரப்பிலிருந்து ஈரக்காற்றும் வந்து சேர்ந்தால் இடிமேகத்துக்கு வேண்டிய எரிபொருள் தயாராகிவிடும். வார முன்னோட்டத்தில் நீங்கள் தேட வேண்டியது அந்த ஈரத்தின் வருகையைத்தான்.

ஈரத்தை அளக்கப் பலரும் பார்ப்பது ஒப்பு ஈரப்பதம் என்ற சதவீதம். புதியவர்களை இதைவிட ஏமாற்றும் எண் வேறில்லை என்பது என் கருத்து. காலையில் வெப்பநிலை 24 டிகிரி செல்சியசாக இருக்கும்போது ஒப்பு ஈரப்பதம் 94 சதவீதம் என்றும், அதே நாள் பிற்பகலில் 32 டிகிரியாக உயர்ந்தபின் 59 சதவீதம் என்றும் காட்டும். காற்றிலிருந்த நீராவியோ இரண்டு வேளையிலும் ஏறக்குறைய ஒன்றுதான். சூடான காற்றில் நிறைய நீராவி தங்க முடியும் என்பதால் சதவீதம் குறைகிறதே ஒழிய, காற்று உலர்ந்துவிடவில்லை. இதற்கு மாறாகப் பனிநிலை என்ற எண்ணைப் பாருங்கள். காற்றை எந்த வெப்பநிலைக்குக் குளிர்வித்தால் அதிலுள்ள நீராவி திவலையாகத் தொடங்குமோ அதுவே பனிநிலை. மேற்கண்ட எடுத்துக்காட்டில் காலையிலும் பிற்பகலிலும் அது 23 டிகிரியிலேயே நிற்கும்.

பனிநிலை 13 டிகிரிக்குக் கீழே இருந்தால் காற்று இதமாக இருக்கும். 16ஐத் தாண்டும்போது பிசுபிசுப்புத் தெரியும். 20க்கு மேல் புழுக்கம் என்று யாரும் சொல்வார்கள். 24ஐத் தொட்டால் வியர்வை உலரவே மறுக்கும். வெப்பநிலை ஒரு டிகிரி கூடும்போது காற்றில் தங்கக்கூடிய நீராவியின் அளவு ஏறத்தாழ 7 சதவீதம் கூடுகிறது. எனவே 18 டிகிரிப் பனிநிலைக்கும் 24 டிகிரிப் பனிநிலைக்கும் உள்ள வேறுபாடு, அந்த ஆறு டிகிரி தோன்றச் செய்வதைவிடப் பெரியது. ஒவ்வொரு கிலோ நீராவியும் நீராகக் குளிரும்போது சுமார் 2,500 கிலோஜூல் வெப்பத்தை வெளிவிடுகிறது; மேகத்தை மேலும் மேலும் உயரத் தள்ளுவது அந்த வெப்பமே. தாளில் ஏழு நாள்களையும் எழுதி, எதிரே எதிர்பார்க்கப்படும் பனிநிலையைக் குறித்து, 20ஐத் தாண்டும் நாள்களை மட்டும் வட்டமிடுங்கள். வாரத் தொடக்கத்தில் இதற்கு மேல் கேட்பது வீண்.

இந்த இடத்தில் கைப்பேசிச் செயலிகளைப் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நாளுக்கு அப்பால் உள்ள ஒரு பிற்பகலில் செயலி இடிமேகப் படத்தைக் காட்டுகிறது என்றால், பெரும்பாலும் அது கணினி மாதிரியின் வெளியீட்டைத் தானாகப் படமாக மாற்றியது மட்டுமே. வளிமண்டலத்தின் தொடக்க நிலையில் உள்ள மிகச் சிறிய வேறுபாடும் சில நாள்களில் பெரிய வேறுபாடாக வளர்ந்துவிடும் என்பதை எட்வர்ட் லோரென்ஸ் 1963 இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். இதனாலேயே நடுத்தரக் கால முன்கணிப்புக்கான ஐரோப்பிய மையம் போன்ற அமைப்புகள் தொடக்க நிலையைச் சிறிதளவு மாற்றி மாற்றி ஒரே முன்கணிப்பைப் பல முறை, அந்த மையத்தில் 51 முறை, ஓட்டிப் பார்க்கின்றன. அவற்றுள் பெரும்பாலானவை ஒரே திசையில் பேசும் நாளை நம்பலாம். ஆளுக்கொன்று சொல்லும் நாளைத் திறந்தே வைத்திருங்கள்.

இரண்டாம் படி: அறிக்கையின் சொற்களுக்குப் பின்னால் உள்ள எண்களை அறிந்துகொள்ளுங்கள்

அறிக்கையில் வரும் சொற்கள் நடைக்காக எழுதப்படுபவை அல்ல. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் அறிக்கைகளில் ஓரிரு இடங்களில் என்றால் அந்த வட்டாரத்தின் அளவீட்டு நிலையங்களில் 25 சதவீதம் வரை மழை பதிவாகலாம் என்று பொருள். ஒரு சில இடங்களில் என்றால் 26 முதல் 50 சதவீதம், அநேக இடங்களில் என்றால் 51 முதல் 75 சதவீதம், பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கும் மேல். கனமழை என்பதும் அப்படியே: 24 மணி நேரத்தில் 64.5 முதல் 115.5 மில்லிமீட்டர் வரை பெய்தால்தான் அது கனமழை, 204.4 மில்லிமீட்டரைத் தாண்டினால் அதி கனமழை. ஆகவே ஓரிரு இடங்களில் கனமழை என்ற தொடர், பெரும்பாலோருக்கு ஒன்றும் நடக்காமல் போகலாம், சிலருடைய தெருவில் முழங்கால் அளவு நீர் நிற்கலாம் என்ற இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறது. மற்ற நாடுகளில் வரையறைகள் வேறுபடும் என்பதால், உங்கள் வட்டாரத்தின் வானிலைத் துறை எந்த எண்ணுக்கு எந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறது என்பதை ஒருமுறை தேடிக் குறித்துவைத்துக்கொள்வது நல்லது.

மழை வாய்ப்பு 40 சதவீதம் என்பதையும் பலர் தவறாகப் படிக்கிறார்கள். நாளின் 40 சதவீத நேரம் மழை பெய்யும் என்றோ, மழை 40 சதவீத வலுவில் இருக்கும் என்றோ அதற்குப் பொருளில்லை. அமெரிக்கத் தேசிய வானிலைச் சேவையின் வரையறைப்படி, குறிப்பிட்ட கால அளவுக்குள் அந்தப் பகுதியின் ஏதேனும் ஓரிடத்தை எடுத்துக்கொண்டால், அங்கே குறைந்தது 0.25 மில்லிமீட்டர் மழை பதிவாவதற்குப் பத்தில் நான்கு வாய்ப்பு உண்டு என்பதே பொருள். எவ்வளவு பெய்யும் என்பதைப் பற்றி இந்த எண் எதுவும் சொல்லாது. கால அளவையும் கவனியுங்கள்: ஒவ்வொரு மணிக்கும் 20 சதவீதம் என்று காட்டும் அதே செயலி நாள் முழுமைக்கும் 60 என்று காட்டினால் அதில் முரண்பாடில்லை.

மூன்றாம் படி: முந்தைய நாள் மாலையில் மூடியையும் தூண்டலையும் பாருங்கள்

இடிமழைக்கு மூன்று பொருள்கள் தேவை: ஈரம், நிலையற்ற வளிமண்டலம், காற்றை முதலில் மேலே தூக்கிவிடும் ஏதேனும் ஒரு தூண்டல். புழுக்கமான வாரத்தில் ஈரம் நாள்தோறும் இருக்கும். அப்படியிருந்தும் செவ்வாய்க்கிழமை வெறும் புழுக்கத்தோடு கழிய, புதன்கிழமை மட்டும் வானம் கொந்தளிப்பதற்குக் காரணம் மற்ற இரண்டில் இருக்கிறது. வாரத்தின் உண்மையான முன்னறிவிப்பு முந்தைய நாள் மாலையில்தான் எழுதப்படுகிறது என்று நான் கருதுவதும் இதனால்தான்.

தரையிலிருந்து சுமார் ஒன்றரை முதல் மூன்று கிலோமீட்டர் உயரத்தில் சில நாள்களில் ஒரு சூடான காற்றடுக்கு படிந்திருக்கும். கீழிருந்து எழும் காற்று அதைத் தொட்டதும், சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்ததாகிவிடுவதால் மேலேற முடியாமல் நின்றுவிடுகிறது. வானிலையாளர்கள் இதை மூடி என்றே சொல்கிறார்கள். கொதிக்கும் பானையின் மேல் வைத்த மூடியைப் போல, அது உறுதியாக இருந்தால் நாள் முழுவதும் ஒன்றும் நடக்காது, மாலையில் சட்டென்று விலகினால் அதுவரை சேர்ந்த ஆற்றல் முழுவதும் ஒரே நேரத்தில் வெளிப்படும். மூடியே இல்லாத நாளில் காலை பதினொரு மணிக்கே ஆங்காங்கே சிறு மழைகள் தோன்றி, ஒன்றின் ஆற்றலை மற்றொன்று பங்கு போட்டுக்கொண்டு அடங்கிவிடும். புதியவர்கள் எதிர்பார்ப்பதற்கு மாறாக, காலை முழுவதும் தெளிந்த வானமும் கடும் வெயிலும் புழுக்கமும் சேர்ந்த நாளே பெரும்பாலும் வலுவான இடிமழையைத் தருகிறது.

மூடியின் வலிமையை அறிய உதவுவது வானிலை பலூன். உலகெங்கும் உள்ள நிலையங்களில் நாளுக்கு இருமுறை, கிரீன்விச் நேரப்படி நள்ளிரவுக்கும் நண்பகலுக்கும் உரிய அளவீடாக, பலூன்கள் பறக்கவிடப்படுகின்றன. அவை தரும் வரைபடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்வது நீண்ட வேலை. தொடக்கத்தில் அது தேவையும் இல்லை. முன்னறிவிப்பாளர்கள் எழுதும் விளக்கக் குறிப்பில் மூடி உடைவதற்குத் தரையருகே எட்ட வேண்டிய வெப்பநிலை, நிலையற்ற தன்மையின் ஆற்றல் ஆகிய இரண்டைத் தேடினால் போதும். கேப் என்று குறிக்கப்படும் அந்த ஆற்றல் கிலோவுக்கு 1,000 ஜூலுக்குக் கீழே இருந்தால் குறைவு, 1,000 முதல் 2,500 வரை நடுத்தரம், அதற்கு மேல் மிகுதி. கேப் 4,000 என்று கண்டதும் பதறுபவர்கள் உண்டு. மூடி உடையாவிட்டால் அந்த 4,000 தாளிலேயே தங்கிவிடும்.

தூண்டல் எதுவென்பது இடத்தைப் பொறுத்தது. கடற்கரை வட்டாரத்தில் பிற்பகலில் உள்ளே நுழையும் கடற்காற்றின் முனை. மலையடிவாரத்தில் வெயிலால் சூடாகும் சரிவு. சமவெளியில் இரு வேறு காற்றுகள் சந்திக்கும் கோடு, அல்லது முந்தைய நாள் மழை விட்டுச்சென்ற குளிர்ந்த காற்றின் எல்லை. உங்கள் வட்டாரத்தில் இவற்றுள் எது வழக்கமாக வேலை செய்கிறது என்பதை ஒரு பருவம் கவனித்தால் தெரிந்துவிடும்.

இறுதியாக மேலடுக்குக் காற்று. தரைக்கும் ஆறு கிலோமீட்டர் உயரத்துக்கும் இடையில் காற்றின் வேகமும் திசையும் எவ்வளவு மாறுகின்றன என்பதே மழையின் வகையைத் தீர்மானிக்கிறது. மாற்றம் மிகக் குறைவாக இருந்தால், மழையோடு இறங்கும் குளிர்ந்த காற்று மேகத்தின் அடிவாரத்தையே அறுத்துவிடுவதால் மேகம் விரைவில் மடிகிறது. மாற்றம் நொடிக்கு 18 முதல் 20 மீட்டரை எட்டினால், மேலேறும் காற்றும் கீழிறங்கும் மழையும் தனித்தனியே பிரிந்து, மேகம் மணிக்கணக்கில் நீடித்து, ஆலங்கட்டியையும் சூறைக்காற்றையும் தரக்கூடியதாகிறது. மேலடுக்குக் காற்று ஒட்டுமொத்தமாக மெலிந்த நாளுக்கும் ஓர் ஆபத்து உண்டு: மேகம் நகராமல் ஒரே இடத்தில் கொட்டித் தீர்க்கும். காற்று வலுத்த நாளில் கூரைகளையும் மரங்களையும் பற்றிக் கவலைப்படுங்கள். மெலிந்த நாளில் வடிகால்களையும் தாழ்வான சாலைகளையும் பற்றிக் கவலைப்படுங்கள். ஒரு மில்லிமீட்டர் மழை என்பது ஒரு சதுர மீட்டருக்கு ஒரு லிட்டர் நீர். ஒரு மணி நேரத்தில் 50 மில்லிமீட்டர் பெய்தால் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் 50 லிட்டர் சேர்ந்து, பள்ளமான இடத்தைத் தேடி ஓடும்.

நான்காம் படி: அன்று காலையில் வானத்தைப் பாருங்கள்

இந்தப் படிக்கு ஐந்து நிமிடம் போதும். காலையிலேயே இடைமட்ட மேகங்களின் உச்சியில் சிறு கோபுரங்கள் எழும்பி நின்றால் மேலடுக்கு நிலையற்றிருக்கிறது என்று கொள்ளலாம். தடித்த மேகமூட்டமோ விடியற்கால மழையோ இருந்தால் தரை சூடாவது தாமதமாகும். பிற்பகல் மழை தள்ளிப்போகலாம் அல்லது நடக்காமலே போகலாம். ஆனால் செயற்கைக்கோள் படத்தில் அந்த மேகமூட்டத்தின் விளிம்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள்: ஒரு பக்கம் வெயில், மறுபக்கம் நிழல் என்ற அந்த எல்லைக்கோட்டை ஒட்டி மாலையில் புதிய மேகங்கள் முளைப்பது வழக்கம். நண்பகலுக்கு முன்பே திரள் மேகங்கள் அகலத்தைவிட உயரமாக வளர்ந்து நின்றால், அன்றைய வெளிவேலையை முன்கூட்டியே முடித்துக்கொள்ளுங்கள்.

மழை வராத மணிநேரங்களையும் மறக்கக் கூடாது. 32 டிகிரி வெப்பமும் 23 டிகிரிப் பனிநிலையும் சேர்ந்தால் உடல் உணர்வது சுமார் 37 டிகிரி. ராபர்ட் ஸ்டெட்மேன் 1979 இல் வெளியிட்ட ஆய்விலிருந்து உருவான இந்த உணர்வெப்பக் கணக்கு நிழலுக்கு உரியது. நேரடி வெயிலில் அது 8 டிகிரி வரை கூடக்கூடும். அறிக்கையில் இடி என்ற சொல் இருப்பதால் வெப்பத்தை இரண்டாம் பட்சமாக நினைப்பது ஆபத்தானது.

ஐந்தாம் படி: பிற்பகலில் ரேடார்

இனி முன்னறிவிப்பின் வேலை பெரும்பாலும் முடிந்தது. நடப்பதைப் பார்க்கும் வேலை தொடங்குகிறது. டாப்ளர் ரேடார் படத்தில் வண்ணங்கள் மழைத்துளிகளிலிருந்து திரும்பும் அலையின் வலிமையைக் காட்டுகின்றன. டி.பி.இசட். என்ற அலகில் 20ஐ ஒட்டிய எண் தூறலுக்கும், 40ஐ ஒட்டியது நல்ல மழைக்கும், 50க்கு மேல் பெருமழைக்கும் உரியது. 60ஐத் தாண்டினால் ஆலங்கட்டி கலந்திருக்க வாய்ப்பு மிகுதி. ஒரே ஒரு படத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கடந்த ஒரு மணி நேரத்துப் படங்களை ஓடவிட்டு, மேகம் எந்தத் திசையில் நகர்கிறது, வளர்கிறதா தேய்கிறதா என்று பாருங்கள். அந்தத் திசையையும் வேகத்தையும் அடுத்த அரை மணிக்கு நீட்டிப் பார்க்கலாம். ஒரு மணிக்கு மேல் நீட்டினால் பிழை மலியும், ஏனெனில் பழைய மேகம் நகர்வதோடு புதிய மேகங்கள் அதன் ஓரத்தில் முளைக்கவும் செய்கின்றன.

ரேடாருக்கும் எல்லை உண்டு. புவியின் வளைவாலும் கற்றையின் சாய்வாலும், 200 கிலோமீட்டர் தொலைவில் அதன் மிகத் தாழ்ந்த கற்றையே தரையிலிருந்து சுமார் 4 கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. அங்கே படத்தில் தெரியும் மழை தரையை எட்டாமலே உலர்ந்துவிடலாம். தாழ்வான மேகத்தின் மழை படத்தில் தெரியாமலே போகலாம். படத்தின் கீழே உள்ள நேரத்தையும் பாருங்கள். பத்து நிமிடத்துக்கு முந்தைய படம் என்றால், மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் மேகம் அதற்குள் 10 கிலோமீட்டர் நெருங்கிவிட்டிருக்கும். சில தளங்கள் கிரீன்விச் நேரத்தையே அச்சிடுகின்றன. அதை உள்ளூர் நேரமாக எண்ணிப் பழைய படத்தைப் புதியதாக நினைப்பது புதியவர்களிடம் அடிக்கடி காணப்படும் குழப்பம்.

பெருமழைத் திட்டிலிருந்து மெல்லிய வில்லாக ஒரு கோடு விலகி வருவதைக் கண்டால் அது மழையிலிருந்து தரையில் பரவும் குளிர்ந்த காற்றின் முனை. அது உங்களைத் தொடும்போது வெப்பநிலை சில நிமிடங்களில் பல டிகிரி குறையும். தூசியும் காற்றும் மழைக்கு முன்பே வந்துவிடும். இதன் மிகக் கடுமையான வடிவமான கீழ்நோக்கிய காற்றுவெடிப்பை 1970களில் டெட்சுயா ஃபுஜிடா அடையாளம் கண்டார். விமானங்கள் தரையிறங்கும் நடைமுறைகளையே அது மாற்றியது.

எச்சரிக்கை நிறமும் இடியோசையும்

இந்தியாவிலும் ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நான்கு நிறங்கள் வழக்கில் உள்ளன. நிறம் என்பது மழையின் அளவை மட்டும் குறிப்பதாக எண்ண வேண்டாம். நிகழ்வதற்கான வாய்ப்பும் அதனால் விளையக்கூடிய பாதிப்பும் சேர்ந்தே அது தீர்மானிக்கப்படுகிறது. அமெரிக்க முறையில் சூழல் சாதகமாக உள்ளது என்பதற்கு ஓர் அறிவிப்பும், புயல் வந்துவிட்டது அல்லது வரும் தறுவாயில் உள்ளது என்பதற்கு வேறோர் அறிவிப்பும் வெளியாகின்றன. எந்த நாட்டிலும் முதல் வகை திட்டத்தை மாற்றிக்கொள்ளவும், இரண்டாம் வகை உடனே உள்ளே செல்லவும் உரியது.

மின்னலுக்கோ எச்சரிக்கைக்காகக் காத்திருக்கத் தேவையில்லை. மின்னலுக்கும் இடிக்கும் இடையிலான நொடிகளை மூன்றால் வகுத்தால் தொலைவு கிலோமீட்டரில் கிடைக்கும். ஆனால் இந்தக் கணக்கு ஆர்வத்துக்கு மட்டுமே. மழைத் திட்டிலிருந்து 15 கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் விழும் என்பதால், இடி காதில் விழுந்தாலே நீங்கள் எட்டும் தொலைவில் இருக்கிறீர்கள். உறுதியான கட்டடத்துக்குள்ளோ, உலோகக் கூரையுள்ள மூடிய காருக்குள்ளோ செல்லுங்கள். தனி மரமும் திறந்த கொட்டகையும் அடைக்கலம் ஆகா. கடைசி இடியோசைக்குப் பிறகு 30 நிமிடம் கழித்தே வெளியே வாருங்கள். சாலையில் நீர் ஓடினால் கடக்க முயலாதீர்கள்: 15 சென்டிமீட்டர் ஆழமுள்ள வேகமான நீர் பெரியவர்களையே நிலைகுலையச் செய்யும், 60 சென்டிமீட்டர் பெரும்பாலான வாகனங்களை அடித்துச் செல்லும்.

ஆறாம் படி: மழை ஓய்ந்த இரவில் மீண்டும் பனிநிலை

மழை பெய்து குளிர்ந்த இரவில் புழுக்கம் தீர்ந்துவிட்டதாகத் தோன்றும். வெப்பநிலையை விட்டுவிட்டு முதல் படியில் குறித்த எண்ணைப் பாருங்கள். வெப்பநிலை 32லிருந்து 23க்கு இறங்கியும் பனிநிலை 22, 23லேயே நின்றால், வந்து போனது ஒரு மேகம்தான். ஈரக்காற்று அங்கேயே இருக்கிறது. மறுநாள் வெயில் ஏறியதும் அதே நிலை திரும்பும் என்பதால், மூன்றாம் படியை அன்றிரவே மீண்டும் செய்யுங்கள். அன்றைய மழையின் குளிர்ந்த காற்று எங்கே போய் நின்றது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள், ஏனெனில் மறுநாளைய தூண்டல் அந்த எல்லையாகவே இருக்கக்கூடும். மாறாக, காற்றின் திசை மாறி, பனிநிலை ஆறேழு டிகிரி குறைந்து, அந்த நிலை அடுத்த நாள் நண்பகலிலும் நீடித்தால், ஈரக்காற்று விலகி வேறொரு காற்று வந்துவிட்டது. வாரத் தாளில் மீதமுள்ள வட்டங்களை அப்போது அடித்துவிடலாம்.